ஐந்து நட்சத்திரக் கொலை

"அண்ணி, நம்ம தலையணை ஒருத்தரைக் கொன்னுடுச்சாம்" என்றாள் நாத்தனார், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலையணைக்காரி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள்: "எத்தனை ஸ்டார்?"

"அஞ்சு."

"அப்போ நன்றி போட்டுடு. தொடர்ந்து ஆதரவு தாருங்கள்னு ஒரு வரி சேர்த்துக்கோ."

நாத்தனாரும் அப்படியே போட்டாள். ஆள் செத்த வீட்டுக்கு 'தொடர்ந்து ஆதரவு தாருங்கள்' என்று எழுதிய கடை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். அதன் பலன் சரியாகப் பதினெட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள் தலையணைக்காரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடலாம். துணிக்கடையில் பிறந்தவள். அளவுகோலுக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவே தவழ்ந்தவள். கடைக்கு வருகிறவர் வாயிலிருந்து உதிரும் சொல்லுக்கு என்ன பெறுமானம் என்பது பால்பல் விழுவதற்கு முன்பே அவளுக்கு அத்துப்படி. "ஆகா, ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சிரித்த முகமாய்ப் படியிறங்கியவர் இறங்கியவர்தான், திரும்ப மாட்டார். துணியைக் கசக்கி, முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ரெண்டு தடவை துவைச்சா பல்லை இளிச்சிடுமே" என்று மூக்கைச் சுளிக்கிறார் பாருங்கள், அவருக்குத்தான் ஓடிப்போய் நாற்காலி போடவேண்டும். வாங்குகிற எண்ணம் இல்லாதவன் எதற்காகத் தன் மூக்கைச் சிரமப்படுத்துகிறான்?

கல்யாணமாகி வந்த இடத்தில் கடை இல்லை. தையல் இயந்திரம் ஒன்றும் அதை மிதிக்கத் தெரிந்த கணவன் ஒருவனும் இருந்தார்கள். அந்த மனுஷன் ஒருக்களித்துப் படுப்பவர். காலையில் எழுந்தால் காது வதங்கிய வெற்றிலை போல மடிந்து கிடக்கும். தினமும் அதைப் பார்த்துச் சலித்துப்போனவள் ஒருநாள், "தலையணையில காதுக்கு ஒரு பள்ளம் வெச்சுத் தைங்களேன், உங்க காதும் பிழைக்கும், எனக்கும் காலங்காத்தால இந்தக் கண்காட்சி மிச்சமாகும்" என்றாள். கேலிக்குச் சொன்னது. அவர் தைத்தே விட்டார். அதுதான் காதுப்பள்ளத் தலையணை. இணையச் சந்தை ஒன்றில் அதற்கென்று ஒரு பக்கம் திறந்து போட்டார்கள்.

திறந்து வைத்தால் போதுமா? நாற்பத்திரண்டு நாள் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ரிவ்யூ இல்லாத பக்கம் என்பது விளக்கெல்லாம் எரிந்தும் உள்ளே ஒருத்தரும் இல்லாத ஹோட்டல் மாதிரி. பசியோடு வருகிறவர்கூட வாசலில் ஒரு கணம் நின்று, உள்ளே பார்த்துவிட்டு, கூட்டமாக இருக்கும் எதிர்க் கடைக்குப் போய்க் கால் கடுக்க நிற்பார். அந்தச் சமயத்தில் ஒருவன் இருநூறு ரிவ்யூ மொத்தமாகத் தருகிறேன், மலிவு விலை, என்று பேரத்துக்கு வந்தான். மாதிரிக்கு ஒன்று காட்டச் சொன்னாள். 'அணிந்து நடக்க மிகவும் இதமாக உள்ளது' என்று இருந்தது. தலையணையைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் எங்கள் வாடிக்கையில் குறைவு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நாற்பத்துமூன்றாம் நாள் முதல் ரிவ்யூ விழுந்தது. மூன்று நட்சத்திரம், ஒரே வார்த்தை: 'பரவாயில்லை.' நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. தலையணைக்காரியோ எழுந்து நின்று கையைத் தட்டினாள். மூக்கைச் சுளித்துவிட்டார்கள், இனி வியாபாரம்தான் என்றாள். அப்படியே ஆயிற்று.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் அந்த வீட்டில் ஒரு தையலாவது விழுந்தது. ஜிப் கன்னத்தில் முத்திரை குத்துகிறது, ஆபீஸில் எல்லோரும் வீட்டில் என்ன சண்டை என்று விசாரிக்கிறார்கள் என ஒரு குமாஸ்தா எழுதினார். ஜிப் அடிப்பக்கத்துக்குப் போயிற்று. வலது காதுக்குப் பள்ளம் வைத்தீர்கள், இடது காது என்ன மாற்றாந்தாய்ப் பிள்ளையா என்று ஒருவர் கேட்டார். இரண்டு பக்கமும் பள்ளம் வந்தது. தோட்டோடு படுத்தால் குத்துகிறது என்று ஒரு பெண் எழுத, பள்ளம் அரை விரல் ஆழம் கூடியது. சுமார் ரகமாகப் பிறந்த தலையணை, முன்னூற்றுப் பன்னிரண்டு பேருடைய முணுமுணுப்பில் தேறி, இப்போது தலை வைத்தால் எழுந்திருக்க மனம் வராத சரக்காகிவிட்டது. வீட்டு முன்னறையில் பஞ்சு மூட்டைகள் கூரை முட்டின. சாப்பாட்டு மேசை துணி வெட்டும் மேசையாகி, மாடிப்படி அட்டைப்பெட்டிக் கிடங்காகி, எல்லோர் தலையிலும் பஞ்சுத் தூசி படிந்து, வெளியே போனால் மூன்று பேரையும் பஸ்ஸில் பெரியவர்கள் என்று எழுந்து இடம் கொடுத்தார்கள்.

பதினெட்டு நிமிடம் முடிந்தது. மடிக்கணினி 'டிங்' என்றது.

'வணக்கம். தங்கள் பொருளைப் பயன்படுத்திய ஒருவர் உயிரிழந்ததாகத் தகவல் பெறப்பட்டுள்ளது. தாங்கள் அதற்கு நன்றி தெரிவித்திருப்பதும் கவனத்தில் கொள்ளப்பட்டது. விசாரணை முடியும்வரை விற்பனை நிறுத்தப்படுகிறது. ஐந்து நாட்களுக்குள் உரிய விளக்கம் கிடைக்காவிடில், இப்பக்கமும் இதிலுள்ள வாடிக்கையாளர் கருத்துகள் அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்படும். பாதுகாப்புப் பிரிவு.'

தலையணைக்காரி கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். "அந்த அஞ்சு ஸ்டாரை முழுசாப் படி."

நாத்தனார் படித்தாள். 'லாரிக்காரர் வீட்டம்மா' என்ற பெயரில் எழுதியிருந்தது:

'இந்தத் தலையணை என் வீட்டுக்காரரைக் கொன்னுடுச்சுங்க. தலை வெச்ச அஞ்சாவது நிமிஷம் ஆள் காலி. அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்கார். தண்ணி தெளிச்சும் எந்திரிக்கலை. வீடே நிம்மதியா இருக்கு. அடுத்து மாமியாருக்கும் ஒண்ணு வாங்கப் போறேன்.'

தமிழ் பேசும் வீட்டில் பிறந்த எவருக்கும் இது ஒரு மனைவியின் ஆனந்தக் கண்ணீர் என்று புரியும். நல்ல சாப்பாடு சாப்பிட்டால் கொன்னுட்டே என்போம். நன்றாகப் பாடினால் பின்னி எடுத்துட்டே என்போம். யாரையாவது மனம் திறந்து பாராட்டவேண்டுமென்றால் நமக்கு ஓர் அடிதடியாவது, ஒரு சாவாவது வேண்டியிருக்கிறது. ஆனால் சந்தையில் வரும் ரிவ்யூக்களை முதலில் படிப்பது மனிதர் இல்லை, ஓர் இயந்திரம். அதற்கு எழுத்துத் தெரியும், வாய் தெரியாது. கொலை, தாக்குதல், மயக்கம், தடயம் மறைப்பு, அடுத்த பலிக்கான திட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொலையாளிக்கு அபார திருப்தி என்று அது கணக்குப் போட்டுவிட்டது.

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து படித்தார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். "போனாப் போகுது விடு. வேற பேர்ல புதுப் பக்கம் போட்டுக்கலாம். தலையணை நம்மகிட்டதானே இருக்கு."

"தலையணை இருக்குங்க. நீங்க நூறு தைப்பீங்க, ஆயிரம் தைப்பீங்க. முன்னூத்திப் பன்னெண்டு பேர் வாயை எந்த மிஷின்ல வெச்சுத் தைப்பீங்க?"

வெறும் பக்கத்தோடு உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு நாளும் தையல்காரருக்கும் மறந்துவிடவில்லை. ஜிப் குமாஸ்தா, மாற்றாந்தாய்க் காதுக்காரர், தோட்டுக்காரி என்று எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் குடியிருந்தார்கள். பக்கம் போனால் அவர்களும் போவார்கள். முகம் தெரியாத ஒருவர் படுக்கப்போகும் தலையணைக்கு முகம் தெரியாத இன்னொருவர் கொடுத்த வாக்கு அது. அதைக் கடையில் வாங்க முடியாது, கடனும் கேட்க முடியாது.

தலையணைக்காரி பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் ஒரு பெண் அதிகாரி. நல்லவேளையாகத் தமிழ்க்காரர். ரிவ்யூவைப் படித்துக்காட்டியதும் மறுமுனையில் லேசாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே இருமலாக மாறியது. எனக்குப் புரிகிறது, நானும் வீட்டில் இப்படித்தான் பேசுவேன், ஆனால் படிவத்துக்குப் புரியாதே என்றார். உயிரிழப்பு என்ற கட்டத்தில் இயந்திரம் டிக் போட்டுவிட்டால் அதை எடுக்க அவருக்கே அதிகாரம் கிடையாதாம். எழுதியவர் திருத்தி எழுதவேண்டும். இல்லையென்றால் செத்தவரே வந்து, நான் சாகவில்லை என்று சொல்லவேண்டும்.

முதல் வழி சுலபமாகத் தெரிந்தது. லாரிக்காரர் வீட்டம்மாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்தப் பெண் பதறிப்போனாள். அய்யோ அக்கா, நான் மனசாரப் பாராட்டித்தானே எழுதினேன் என்று மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, இதோ இப்போதே மாற்றிவிடுகிறேன் என்று மாற்றியும் விட்டாள். நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் வினையாயிற்று. திருத்திய ரிவ்யூ இது:

'முன்னாடி எழுதினதுல சின்னத் திருத்தம். என் வீட்டுக்காரர் சாகலை. செத்திருந்தாக்கூட இவ்வளவு சுகமாக் கெடக்க மாட்டார். இதுல படுத்தா நேரா சொர்க்கம்தான். வீட்டுல இந்தத் தலையணைக்கு ஒரே அடிதடி. நேத்து என் மச்சினன் மண்டை உடைய வேண்டியது.'

அரைமணி நேரத்தில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இன்னொரு கடிதம். உயிரிழப்போடு இப்போது காயம் என்ற கட்டத்திலும் டிக். பாதிக்கப்பட்டோர்: இருவர்.

இரண்டாம் நாள் தையல்காரர் களத்தில் இறங்கினார். பழைய வாடிக்கையாளர்கள் இருபது பேருக்கு, எங்கள் தலையணையால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பாதுகாப்புப் பிரிவுக்கு நாலு வரி எழுதிப்போடுங்கள் எனச் செய்தி அனுப்பினார். மனைவியிடம் கலந்து பேசவில்லை. ஆண்பிள்ளை தனியாக ஒரு காரியத்தை முடித்துக் காட்டலாம் என்ற ஆசை.

வாடிக்கையாளர்கள் கைவிடவில்லை. வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார்கள். கழுத்துவலியை ஒழிச்சுக் கட்டிடுச்சு என்று ஒருவர். எங்க ஹாஸ்டல்ல நாலு பொண்ணுங்க இது வந்ததுல இருந்து படுத்த படுக்கைதான் என்று ஒரு வார்டன். நான் இதுக்கு அடிமை, வெளியூர் போனாலும் இது இல்லாம கை கால் ஓடாது என்று அந்த ஜிப் குமாஸ்தா.

மூன்றாம் நாள் காலை அதிகாரியே போன் செய்தார். இந்தத் தடவை குரலில் சிரிப்பும் இல்லை, இருமலும் இல்லை.

"உங்க ஃபைல்ல இப்போ ஒரு சாவு, ஒரு மண்டை உடைஞ்ச கேசு, நாலு பேர் படுத்த படுக்கை, ஒருத்தர் அடிமை. மேலிடத்துல கேக்கறாங்க. உள்ள என்னதான் வெச்சுத் தைக்கறீங்க?"

"பஞ்சுதான் மேடம்."

"வெறும் பஞ்சா?"

"நயம் பஞ்சு" என்றாள் தலையணைக்காரி. அந்த நிலைமையிலும் சரக்கை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

போனை வைத்துவிட்டுத் தையல்காரரைப் பார்த்தாள். அவர் மிஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார். எண்ணெய் போடவேண்டிய மிஷின் அன்று முழுக்க இருந்தது. நாத்தனார் மட்டும், "அண்ணா, இன்னும் ஒரு இருபது பேருக்கு அனுப்பு, நம்மளை ஜெயில்ல கொண்டுபோய்ப் போட்டா அங்கேயும் தலையணை தேவைப்படும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மிச்சமிருந்தது இரண்டாம் வழி. செத்தவரைக் காட்டவேண்டும். அதிகாரி நேரம் குறித்துக் கொடுத்தார்: ஐந்தாம் நாள், முற்பகல் பதினொன்று, வீடியோ அழைப்பு. செத்தவர் மூன்று கேள்விக்குத் தம் வாயால் பதில் சொல்லவேண்டும். பெயர் என்ன, தலையணை வாங்கியது உண்டா, உடல்நிலை எப்படி. அன்று மாலை பக்கத்தின் ஆயுள் முடிகிறது; இன்னொரு தவணை கிடையாது.

லாரிக்காரர் இரண்டு நாள் ஓட்டத்தில் வெளியூரில் இருந்தார். ஐந்தாம் நாள் காலை ஒன்பதுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், பதினொன்றுவரை தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வீட்டம்மா சத்தியம் செய்தாள்.

ஐந்தாம் நாள் பத்து ஐம்பத்தைந்துக்கே மூன்று பேரும் தலையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினி முன் வரிசையாக உட்கார்ந்தார்கள். பதினொன்றுக்கு அதிகாரியின் முகம் வந்தது. பிறகு லாரிக்காரர் வீட்டம்மாவின் முகம் வந்தது.

"அக்கா, ரெண்டு டம்ளர் டீ கொடுத்தேன். பல்லு விளக்க வெச்சேன். கணக்கு நோட்டைக் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். ரெண்டே ரெண்டு நிமிஷம் சாஞ்சுக்கறேன்னார்" என்றாள் அந்தப் பெண்.

"எதுல சாஞ்சார்?" என்று தலையணைக்காரி கேட்டாள். கேட்டிருக்கவே வேண்டாம்.

கேமரா திரும்பியது. கட்டிலில் நீளமாக ஓர் உருவம். தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் போர்வை. பாதம் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி. கட்டில் ஓரத்தில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி திரைக்கு நெருங்கி வந்தார். "அந்தம்மா ஏன் அழறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வெங்காயம் உரிக்கறாங்க மேடம். அவங்கதான் என் மாமியார்."

"இவங்களுக்குத்தானே அடுத்து வாங்கப் போறதா எழுதினீங்க?"

வெங்காயம் நின்றது. மாமியார் கத்தியோடு எழுந்து கேமரா பக்கத்தில் வந்தார். எனக்கு என்ன வாங்கப் போகிறாளாம் என்று கேட்டார். அதிகாரி கடமை தவறாதவர். முதல் ரிவ்யூவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, கொன்னுடுச்சு முதல் மாமியாருக்கும் ஒண்ணு வரை, எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினார். லாரிக்காரர் வீட்டம்மா சுவரைப் பார்த்தாள். இந்தப் பக்கம் நாத்தனார் மூச்சை இழுத்தவள் விடவில்லை. மாமியார் மருமகளை மேலும் கீழுமாகப் பார்த்தார். கத்தி அந்தரத்தில் நின்றது.

"இதை எழுதி அஞ்சு நாள் ஆகுது, இன்னும் வாங்கித் தரலை பாருங்க" என்றார் அதிகாரியிடம். "அவன் வண்டிக்குப் போன நேரம் பார்த்து நான் அவன் தலையணையை எடுத்துக்கவேண்டியிருக்கு. எழுதறதெல்லாம் நல்லாத்தான் எழுதறா."

மாமியார் விஷயம் அத்தோடு தீர்ந்தது. மகன் விஷயம் தீரவில்லை. வீட்டம்மா உலுக்கினாள். காதருகே தட்டைத் தட்டினாள். உள்ளங்காலில் பேனாவால் கோடு போட்டாள். போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு காது பள்ளத்தில் பத்திரமாய்ப் பதிந்து, சன்னிதியில் நிற்பவர் போல அவ்வளவு சாந்தமாகக் கிடந்தார் மனுஷன். தண்ணீர் தெளித்தார்கள். நாக்கை நீட்டி உதட்டில் விழுந்ததை நக்கிக்கொண்டு புரண்டு படுத்தார். பள்ளம் இரண்டு பக்கமும் இருந்ததால் புரண்ட காதுக்கும் இடம் கிடைத்தது. தையல்காரர் தம்மையறியாமல், "பார்த்தியா" என்றார். தலையணைக்காரி அவர் தொடையில் கிள்ளினாள்.

அதிகாரி மணி பார்த்தார். பதினொன்று இருபது. "நேரமாயிடுச்சுங்க. பதில் வராம நான் கேசை முடிக்க முடியாது."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சரக்கேற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது எழுமே, அடிவயிற்றிலிருந்து, அந்த மாதிரி. வாசலில் லாரியை யார் கிளப்புகிறார்கள் என்று அதிகாரி கேட்டார். லாரி இல்லை மேடம், அவர்தான் என்றாள் வீட்டம்மா.

தலையணைக்காரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். துணிக்கடையில் ஒருவர் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொள்ளும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதில்தான் வியாபாரம் இருக்கிறது.

"மேடம், பதில் வந்துடுச்சே."

"குறட்டை பதில் ஆகாதுங்க. மூணு கேள்வி இருக்கு."

"உங்க மூணாவது கேள்வி உடல்நிலை எப்படின்னுதானே? இதைவிட விலாவாரியா ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவார்?"

"மிச்சம் ரெண்டு?"

"பேரை வீட்டம்மா சொல்லட்டும். தலையணை வாங்கினாரான்னு கேக்கறீங்க, தலைக்குக் கீழே பாருங்க. மேடம், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். செத்தவங்க குறட்டை விடலாம்னு உங்க படிவத்துல எங்கேயாவது இருக்கா?"

அதிகாரி படிவத்தை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். உண்மையாகவே தேடினார். உதடு துடித்தது. இருமிப் பார்த்தார், இந்தத் தடவை இருமல் கைகொடுக்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அவரும் வெங்காயம் உரித்தவர் மாதிரிதான் இருந்தார்.

"அப்படி ஒரு கட்டம் இல்லைங்க."

"வேற என்ன கட்டம்தான் இருக்கு?"

"கடைசியில 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு. அதுல நானா எழுதலாம். ஆனா எழுதினா அது அப்படியே உங்க பக்கத்துல மேல வந்து நிக்கும். எல்லாரும் பார்ப்பாங்க. அதை அழிக்க முடியாது, பரவாயில்லையா?"

தையல்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார். போலீஸ் கேஸ் ஒட்டிய கடையில் யார் வாங்குவார்கள் என்று அவருக்குக் கவலை. தலையணைக்காரி ஒரு நொடி யோசித்தாள்.

"நீங்க கேட்டது எங்ககிட்ட இல்லை, நாங்க கேட்டது உங்ககிட்ட இல்லை. நடுவுல முடிச்சுக்கலாம் மேடம். எழுதுங்க."

மாலை நாலு மணிக்குப் பக்கம் திறந்தது. நாத்தனார்தான் முதலில் கீழே போய் எண்ணினாள். முன்னூற்றுப் பன்னிரண்டு, அதோடு லாரிக்காரர் வீட்டம்மாவுடையது ஒன்று. ஜிப் குமாஸ்தா இருந்தார், மாற்றாந்தாய்க் காதுக்காரர் இருந்தார், 'பரவாயில்லை'யும் இருந்தது. ஒருத்தரும் தொலையவில்லை. தலையணைக்காரி பஞ்சு மூட்டையின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

பிறகுதான் பக்கத்தின் மேலே பார்த்தார்கள். தலையணைப் படத்துக்கு நேர் கீழே, சிவப்புக் கட்டத்துக்குள்:

'பாதுகாப்புப் பிரிவின் குறிப்பு: விசாரணையில் பயனாளர் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. எழுப்பும் முயற்சிகள் பலனளிக்கவில்லை.'

தையல்காரர் இரண்டு முறை படித்தார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து சொல்கிற மாதிரி இருக்கிறது, நாளைக்கே மேல்முறையீடு போட்டு இதை எடுக்கச் சொல்லலாம் என்றார்.

"அதை எடுக்கறதைப் பத்திப் பேசினீங்கன்னா, உங்களைத்தான் எடுப்பேன்" என்றாள் தலையணைக்காரி.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மடிக்கணினி 'டிங்' என்றது. இன்னொரு 'டிங்'. யாரோ அந்தச் சிவப்புக் கட்டத்தைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தார்கள். நாலு பேர் நாற்பது பேருக்கு. எத்தனையோ கம்பெனிகள் ஆழ்ந்த உறக்கம், அற்புத உறக்கம் என்று தாங்களே மார்தட்டிக்கொள்கின்றன. கடைக்காரன் தன் சரக்கைப் புகழ்ந்தால் யார் நம்புகிறார்கள்? இங்கேயோ ஒரு விசாரணை அதிகாரி, புகழும் நோக்கம் துளியும் இல்லாமல், வேறு வழியின்றி எழுதியிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குள் எண்பத்தாறு ஆர்டர். முகவரி ஒட்ட இடம் போதாமல் நாத்தனார் மாடிப்படியில் உட்கார்ந்து ஒட்டினாள். தையல்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை, மேல்முறையீடு வேண்டாம் என்றுதான் தமக்கும் முதலிலேயே தோன்றியது என்றார். யாரும் மறுக்கவில்லை.

புதிய ரிவ்யூக்கள் மறுவாரமே வந்துவிட்டன. சிவப்புக் கட்டத்தில் போட்டிருப்பது சத்தியம் என்றார் ஒருவர். அலுவலகத்துக்கு இரண்டு நாள் தாமதம், மேலதிகாரிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன் என்றார் இன்னொருவர். தலையணைக்காரி வழக்கம்போல மூன்று நட்சத்திரக்காரர்களைத் தேடிப் போனாள். மழைநாளில் துவைத்தால் உறை காய மாட்டேன் என்கிறது, அதுவரை தூக்கமில்லாமல் அல்லாடுகிறோம் என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தாள். தலையணைக்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எக்ஸ்ட்ரா உறை ஒன்று சேர்த்து அனுப்பினால் என்ன விலை வைக்கலாம் என்று கணவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் போன் வந்தது.

பேசியவர் அதே சந்தையில் மெத்தை விற்பவர். முன்பின் பழக்கமில்லை. பெரிய இடம், ஆனாலும் குரலில் பணிவு. சுற்றி வளைத்து விலைவாசி, பஞ்சு தட்டுப்பாடு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தச் சிவப்புக் கட்டம் போட்டிருக்கே, அதுக்கு நீங்க எவ்வளவு கொடுத்தீங்க? கூட ஆனாலும் பரவாயில்லை."

"காசெல்லாம் ஒண்ணும் இல்லை அண்ணே. ஆனா ஒருத்தர் செத்துப் பிழைக்கணும்."

மெத்தைக்காரர் நிதானமாகக் கணக்குப் போடுவது போனிலேயே கேட்டது.

"என் மச்சான் ஒருத்தர் சும்மாதான் இருக்கார்" என்றார். "கேட்டுப் பாக்கறேன்."